நிலவில் கார் ஓடிய ஆடி மாதம்

வானியல் என்பது, கையால் தொட முடியாத பொருள்களைப் பற்றி, வயலிலிருந்து அப்போதுதான் கரையேறிய மக்களுக்கு, கழுத்து வலிக்க நிமிர்ந்து நின்று விளக்கும் தொழில். நிலவுக்கு மனிதர் போய்வரத் தொடங்கியபின் அத்தொழிலுக்குப் புதிய துன்பம் ஒன்று சேர்ந்தது. அதற்குமுன் நிலவின் பள்ளங்களைப் பற்றி நான் சொன்னவற்றை மரியாதையோடு கேட்டுக்கொண்டவர்கள், பிறகு பள்ளங்களை விட்டுவிட்டு, போனவர்கள் அங்கே என்ன சாப்பிட்டார்கள், எங்கே குளித்தார்கள் என்று கேட்கலாயினர். ஒன்றை விளக்கப் புறப்பட்டு வேறொன்றுக்கு விடை சொல்லித் திரும்பிய அன்பர்கள் என் நிலையை அறிவார்கள்.

கல்லூரியில் வானியல் கற்பித்துவந்த நான், அரசு ஏற்பாடு செய்த விளக்கச் சுற்றுப்பயணத்துக்காகத் தொலைநோக்கியோடு தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் திரிந்த ஓர் ஆடி மாதத்தில் நடந்தவை இவை.

வாய்க்கால் இல்லாத இடம்

திருவிடைமருதூருக்குத் தெற்கே நாங்கள் போக வேண்டியிருந்த ஊருக்கு ஆற்றங்கரையே சாலை. பாதி வழியில் எங்கள் அரசு ஜீப்பின் பின்சக்கரம் கரைச்சரிவில் இறங்கிவிட்டது. இருக்கையில் கிடந்த டிரான்சிஸ்டர், நிலவில் இறங்கிய இருவர் தம்மோடு ஒரு காரையும் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றும், அதில் ஏறி மலையடிவாரம்வரை போகப் போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. கீழே புதுத்தண்ணீர் கலங்கலாக ஓடியது. காற்றும் நீரும் ஓசையும் இல்லாத ஒரு சாம்பல் வெளியில் சக்கரத் தடங்கள் மட்டும் நீண்டுகொண்டே போவதை எண்ணியவாறு நான் நின்றிருந்தேன். ஓட்டுநர் ராசு, "அம்மா, தள்ளணும்" என்றார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினேன். வண்டி மேலேறியபின், நிலவில் கார் ஓட்டுவது எவ்வளவு அரிய செயல் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "அதுல என்னம்மா கஷ்டம்? அங்க வாய்க்கால் உண்டா, எதுத்தாப்புல மாட்டுவண்டி உண்டா, ஒதுங்கச் சொன்னா சண்டைக்கு வர்ற ஆளு உண்டா? என்னை அனுப்பிச்சா நானே ஓட்டிட்டு வந்துருவேன்."

முளையும் நூலும்

அந்த ஊரைச் சுற்றிலும் குறுவைப் பயிர் நின்றது. ஈரமில்லாத மேட்டு நிலம் ஒன்றே உண்டு. அதைத் திடல் என்பார்கள். திடலில் மிராசுதாரின் தென்னைகளும், அவருடைய வயல்களில் வேலை செய்பவர்களின் குடிசை வரிசையும் இருந்தன. குடியிருப்பவருக்கே மனை உரிமை என்று அரசு சட்டம் செய்திருந்த நேரம் அது. சர்வேயர் வந்து அளக்கும்போது குடிசை நின்றால் மனை குடிசைக்காரருக்கு. தென்னை மட்டும் நின்றால் மிராசுதாருக்கு. ஆகவே சர்வேயர் வருமுன் குடிசைகளைப் பிரித்துவிட மிராசுதார் ஆள் திரட்டியிருந்தார். முதல் குடிசையில் குடியிருந்த அஞ்சலை களையெடுப்புக்கும் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

இவற்றில் ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. பகலிலேயே வடக்குத் தெற்காக முளையடித்து, நூல் கட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பின்னரே தொலைநோக்கியை அதன் மூன்று காலில் நிறுத்துவது என் வழக்கம். அவ்வாறு நிறுத்திக்கொண்டிருந்தபோது கடப்பாரைகளோடு வந்த ஆட்கள் தயங்கி நின்றனர். பின்னாலேயே வந்த மிராசுதார் ஜீப்பைப் பார்த்தார், முளைகளைப் பார்த்தார், ஆட்களைக் கண்ணசைவால் அனுப்பிவிட்டு, எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

இது நிலம் அளக்கும் கருவி அன்று, நிலவைக் காணும் தொலைநோக்கி என்று, ஐயத்துக்கு இடமின்றி அவரிடம் கூறினேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "இருக்கட்டும்மா. வெளியில சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கும் உத்தரவு இருக்கும். வானத்தைப் பாக்க வர்றவங்க தரையில எதுக்கும்மா முளை அடிக்கணும்?"

நடுவில் ஓர் எக்ஸ்சேஞ்ச்

அன்று மாலை அஞ்சலை எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். கடைசியாக, "இதை எடுத்துடாதீங்க டீச்சரம்மா. இது நிக்கிறவரைக்கும் எங்க கூரையும் நிக்கும்" என்றார். பயணத் திட்டப்படி மறுநாள் நான் வேளாங்கண்ணியில் இருக்க வேண்டும். திட்டத்தை மாற்றுவது எனக்குப் பிடிக்காத செயல். ஆயினும் காலையில் தபால் ஆபீசுக்குப் போய், சர்வேயர் என்று வருவார் என அறியத் தாலுகா அலுவலகத்துக்கு வெளியூர்த் தொலைபேசி அழைப்பாக ஒரு ட்ரங்க் கால் பதிவு செய்தேன்.

பெஞ்சில் காத்திருந்தேன். எதிர்க் கடையின் வானொலி, நிலவில் இருப்பவர்கள் தங்கள் நாட்டாரோடு அடுத்த வீட்டுக்காரர்போலப் பேசிக்கொள்வதை வியந்துகொண்டிருந்தது. வெயில் சாயும் நேரத்தில் என் அழைப்புக் கிடைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒரு குரல், "பெருக்கு கழிஞ்சுதான் வருவாரு" என்று சொல்லி மறைந்தது. ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. நிலவிலிருந்து வரும் குரல் தெளிவாகக் கேட்கிறது, தாலுகா ஆபீஸ் குரல் கேட்கவில்லையே என்றேன். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கும் நிலாவுக்கும் நடுவுல நம்ம டவுன் எக்ஸ்சேஞ்ச் இல்லை பாருங்க."

மேலும் கீழும்

வேளாங்கண்ணிக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டு அந்த ஊரிலேயே தங்கினேன். மாலைதோறும் திடலில் கூட்டம் சேர்ந்தது. ஆடிக் காற்றில் தென்னைகள் ஓயாமல் அசைந்தன. அவற்றுக்கு மேலே, பாதியைத் தாண்டி வளர்ந்திருந்த நிலவு மட்டும் அசையாமல் நின்றது. ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிய, கூட்டம் மெல்லப் பேச்சை விட்டது. அந்த அமைதியில், அங்கே இருவர் ஒரு மலையடிவாரத்தில் நின்று நம் ஆறுகளையெல்லாம் சேர்த்து ஒரு நீல உருண்டையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. நாங்கள் அவர்களைக் காண முடியாது. அவர்களும் எங்களைக் காண முடியாது. ஆனாலும் இரு தரப்பும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இக்கருவியில் உருவம் தலைகீழாகத் தெரியும் என்று முன்கூட்டியே சொல்வது என் கடமை. சொன்னேன். அஞ்சலை யோசித்தார். பொழுது இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை. எட்ட இருந்த மிராசுதார் வீட்டு மாடியைக் காட்டி, குழலை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். அவர் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் திரும்பினார். "ஏ, வாங்கடி. ஐயா காலு மேல, தலை கீழ நின்னுக்கிட்டு வேட்டி உதறுறாரு. டீச்சரம்மா, இத அப்படியே வெச்சிருங்க, நிலாவ நாளைக்குப் பாத்துக்கலாம்."

மிராசுதார் பார்த்தது

மறுநாள் மாலை மிராசுதாரே வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நிலவின் மலைகள், இருளும் ஒளியும் சேரும் கோட்டில் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும் வேளை அது. ஒரு சிகரம் முதலில் பொட்டுப்போலத் தோன்றி, பிறகு அதன் சரிவுகள் புலப்படும். அவர் மூச்சு மெதுவாகி வருவதைக் கேட்டேன். இதை ஒருவராவது இதற்காகவே பார்க்கிறாரே என்று எனக்கு நிறைவாக இருந்தது. இனி அவர் என் சொல்லை நம்பிவிடுவார், கடப்பாரைகள் திரும்பி வரும் என்ற அச்சமும் கூடவே எழுந்தது.

நிமிர்ந்தவர் என்னைத் தென்னை மரத்தின் பின்னே அழைத்துப்போனார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, வைத்திருந்த நிலத்தை உறவினர் பெயர்களில் எழுதிவைப்பது அந்தக் காலத்தில் அங்கே வழக்கம். அஞ்சலை காதில் விழாத தொலைவில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்: "அம்மா, அத்தனை தூரத்துல இருக்கிற மேடு பள்ளமே இவ்வளவு துல்லியமாத் தெரியுது. சீர்காழிப் பக்கம் மச்சான் பேர்ல நமக்குக் கொஞ்சம் நஞ்சை கிடக்கு. அதுவும் இதுல தெரியுமா?"

பெருக்கு கழிந்தபின்

பதினெட்டாம் பெருக்கன்று வானம் மூடியிருந்தது. மேகம் வந்தால் கருவியைக் கழற்றி உறையிலிடுவது என் ஒழுங்கு. அன்று கழற்றவில்லை. அஞ்சலை கொண்டுவந்த சாக்கினால் குழலை மட்டும் மூடினேன். மூன்று காலும் ஊர் முழுவதும் தெரியும்படி நின்றன. மறுநாள் சர்வேயர் சைக்கிளில் வந்து நிலம் அளக்கும் சங்கிலியை இறக்கினார். குடிசை வாசல்களில் அவரவர் பெயரைக் கேட்டு எழுதினார். எல்லைக் கல் நடச் செய்தார். மிராசுதார் சங்கிலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்தம்மா யாருய்யா?" என்று சர்வேயரைக் கேட்டார். சர்வேயர் தமக்குத் தெரியாது என்றார். அது உண்மையே.

நான் முளைகளைப் பிடுங்கி நூலைச் சுற்றினேன். ஜீப்பிலிருந்த டிரான்சிஸ்டர், நிலவுக்குப் போனவர்கள் புறப்பட்டுப் பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னது. அதை அஞ்சலையிடம் தெரிவித்தேன். அவர் தம் பெயரில் நட்ட கல்லின்மேல் ஒரு காலை வைத்து நின்றிருந்தார். நிலவு இல்லாத பகல் வானத்தைச் சற்று நேரம் பார்த்தார். "அவ்வளவு தூரம் காரெல்லாம் கொண்டுபோயி, ஒரு கீத்துக் கொட்டகைகூடப் போடாமயா திரும்பிட்டாங்க? பாவம், அங்க யாரு விரட்டினாங்களோ."

வானியலால் தரையில் இருப்பவர்களுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் விளக்கம் சொல்வதில்லை; கருவியை எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.