வாலைப் பார்த்து வாசல் மிதித்தவன்

அம்மை குத்துகிறவனை வாருங்கள் என்று வாய் நிறைய அழைத்த வீட்டை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. எந்த ஊரிலும் முதலில் எழுந்து வந்தது நாய்தான். ஐம்பதுகளில் புதுக்கோட்டைச் சீமையில் வாக்சினேட்டராக வேலை பார்த்தேன். ஒரு சைக்கிள், அம்மைப்பால் வைத்த பெட்டி, பிள்ளைகளின் பெயர் எழுதிய ரிஜிஸ்தர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு சைக்கிளில் வரும் பியூன் செல்லையா. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். தபால்காரர்களே, மீட்டர் பார்க்கிறவர்களே, கிஸ்தி வசூலுக்கு வீடு வீடாக அலைந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நின்று "வீட்ல யாரு?" என்று கேட்கும்போது வாய் ஒரு பக்கம் இருக்கும், கண் வேறு பக்கம் இருக்கும். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டோம். பாதி உடம்பு திரும்பி ஓடுவதற்கு எப்போதும் தயாராக இருக்கும்.

சந்தோஷம் என்று நினைத்தேன்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். குளத்தூருக்கு வடக்கே ஒரு கிராமம். முதல் வீட்டு வேப்பமரத்தடியில் செவலை நாய் ஒன்று நின்றது. குரைக்கவில்லை. வாலை மேலே தூக்கி விறைப்பாக வைத்துக்கொண்டு நுனியை மட்டும் படபடவென்று ஆட்டியது. நாய் வாலை ஆட்டினால் பிரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "வாடா, வாடா" என்று கையை நீட்டிக்கொண்டு போனேன். நீட்டிய கையை அது சட்டை செய்யவில்லை. நேராக வந்து இடது கெண்டைக்காலைப் பிடித்தது.

பத்து நாள் நாயைக் கவனி, அதற்கு ஒன்றும் ஆகாவிட்டால் உனக்கும் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாளும் வேலையை முடித்துவிட்டு அந்த ஊருக்குச் சைக்கிள் மிதித்தேன். தெருமுனையில் நின்று நாய் உயிரோடு நடமாடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். கடித்த நாய் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன். பத்தாம் நாள் வீட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். என் ஆற்றாமையை அவளிடமே கொட்டினேன். "வாலை ஆட்டுச்சேம்மா!" என்றேன்.

"அது ஒங்களப் பாத்துச் சந்தோசப்படல சார், எங்கிட்டுக் கடிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு நின்னுச்சு."

செல்லையாவின் சட்டம்

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் வாலில்தான் நிற்கும். தாழ்ந்து அகலமாக ஆடுகிறதா, நிமிர்ந்து குறுகலாக ஆடுகிறதா, காலுக்கு நடுவே போய்விட்டதா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் குழப்பம்தான் கூடியது. ஒரே தெருவில் நாலு நாய் நாலு விதமாக ஆட்டும். செல்லையாவோ பெட்டியைத் தோளில் வைத்தபடி நிதானமாக ஒரு பார்வை பார்ப்பார். சில வீட்டில் நேராக உள்ளே போவார். சில வீட்டில் வேலிக்கு வெளியிலேயே நின்று கூப்பிடுவார். அவரை ஒரு நாய்கூடத் தொட்டதில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒடம்பும் சேந்து ஆடுனா உள்ள போங்க சார், வால் மட்டும் தனியா ஆடுனா சைக்கிளத் திருப்பிக்கங்க."

குதிருக்கு முன்னால் படுத்த நாய்

திருமயம் பக்கத்தில் ஒரு விவசாயி வீடு. பக்கத்து ஊரில் இரண்டு வீட்டில் அம்மை கண்டிருந்த நேரம். விடிந்ததும் கிளம்பி, தெருத் தெருவாக ஓடிக்கொண்டிருந்தோம். ரிஜிஸ்தரில் அந்த வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. "அது அவுக ஆயா வீட்டுக்குப் போயிருக்கு" என்றார் தகப்பன். தாய் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பியிருப்பேன். ஆனால் வீட்டு நாய் நெல் கொட்டி வைக்கும் குதிருக்கு முன்னால் படுத்திருந்தது. குதிரின் வாயைப் பார்ப்பதும், வாலால் தரையை அடிப்பதுமாக இருந்தது. நெல்லைப் பார்த்து நாய் ஏன் வாலாட்ட வேண்டும்? "ஆத்தா, குதிருக்குள்ள மூச்சு முட்டிரும், பிள்ளையத் தூக்குங்க" என்றேன். தாய் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மூத்த பிள்ளைக்குக் குத்தியபோது மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததாம். இதுவும் அப்படிக் கிடந்தால் தாங்க மாட்டேன் என்றாள். காய்ச்சல் வரும், போய்விடும். அம்மை வந்தால் அப்படிப் போகாது என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் அவளே குழந்தையை வெளியே எடுத்து, தலையிலிருந்த உமியைத் தட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அதன் கையை நீட்டினாள். தகப்பனுக்கு என்மேல் கோபமில்லை. நாயைத்தான் முறைத்தார்.

"சோறு போடுறது நான், காட்டிக் குடுக்குறது அவருக்கா?"

பெரிய வீடு

அதே வட்டாரத்தில் ஒரு வியாபாரியின் பெரிய வீடு. கொழுத்த நாய். எங்களைக் கண்டதும் உடம்பெல்லாம் நெளிந்து ஓடிவந்தது. செல்லையாவின் சட்டப்படி உள்ளே போனோம். வீட்டுக்காரர் செருப்புச் சத்தம் கேட்டதும் அதே நாய் வயிறு தரையில் படக் குனிந்தது. வாலைக் கால்களுக்கு நடுவே செருகி, நுனியை மட்டும் ஆட்டியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. அவர் இதையெல்லாம் பார்க்கவில்லை. "பாத்தீங்களா, என்னையக் கண்டா எப்படி வாலாட்டுது!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அந்த வீட்டுப் பிள்ளைகள் நான் குத்தும்போது ஒரு சத்தமும் போடவில்லை. அத்தனை வருஷத்தில் அழாத பிள்ளைகளை அங்கேதான் பார்த்தேன். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. பெட்டியை மூடும்போது, நாய்க்கு என்ன அவ்வளவு பயம் என்று வேலைக்கார அம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் மாடிப்படியை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"எங்களுக்கும் அப்படித்தான் சார், வால் மட்டும் இல்ல."

மணியின் பிரியம்

ஆவுடையார்கோவில் பக்கம் வள்ளிக்கண்ணு என்ற பெண்ணின் வீட்டில் மணி என்று ஒரு நாய். என்னைக் கண்டால் இடுப்பே கழன்றுவிடும்போல ஆட்டும். அந்த ஒரு வீட்டில்தான் நான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை போனபோது வழக்கத்தைவிடப் பிரியமாக இருந்தது. கையை நக்கியது, விலக்கினால் மறுபடி வந்து நக்கியது. விரலில் சைக்கிள் செயின் கிழித்த காயம் இருந்தது. "தொண்டையில எலும்பு சிக்கிருச்சு போல சார், ரெண்டு நாளா ஒண்ணும் முழுங்க மாட்டேங்குது. நான்தான் வாய்க்குள்ள கைய விட்டுப் பாத்தேன்" என்றாள் வள்ளிக்கண்ணு. பல் பட்டு அவள் மணிக்கட்டில் கீறல். அப்போது மணி குரைத்தது. கரகரவென்று, வேறு யாரோ குரைக்கிற மாதிரி இருந்தது. வாய் ஓரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது. செல்லையா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். வால் மட்டும் அப்போதும் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

மறுநாளே மணி செத்துப்போனது. வெறி பிடித்துத்தான் செத்திருக்கிறது, எனக்கும் வள்ளிக்கண்ணுவுக்கும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார் டாக்டர். அவள் வர மாட்டேன் என்றாள். "எம் மணி எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். "நானும் போட்டுக்கறேன் ஆத்தா, மொதல்ல எனக்குப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் ஒங்களுக்கு" என்ற பிறகுதான் பஸ் ஏறினாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் இரண்டு பேரும் வரிசையில் நின்றோம். எத்தனையோ பிள்ளைகளுக்குக் குத்திய நான் ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். நாலாம் நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் அவள் காத்திருந்தாள்.

"எம் பிள்ளைகளுக்குக் குத்தயில எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொன்னீங்களே, எறும்பு எப்படிங்க சார் இருக்கு?"

தண்ணீர்

ஊசி முடிந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்றும் சொன்னார்கள். ஆனால் என் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. நாய்க்கடி விஷம் ஏறினவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால், பயம் வந்துவிட்டதா என்று அடிக்கடி குடித்துப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் ஒரு செம்பு. சட்டையைப் போடும்போது ஒரு செம்பு. வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து ஒரு செம்பு. இப்படியே மாதக்கணக்கில். ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தவள் என் மனைவி. ஒருநாள் குடத்தை இறக்கிவைத்த கையோடு, அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நான் செம்பை விட்டு மொண்டுவிட்டேன்.

"ஒங்களுக்குத் தண்ணியக் கண்டா பயமில்லைங்க, இப்ப எனக்குத்தான் ஒங்களக் கண்டா பயமா இருக்கு."

நாய் வாலை ஆட்டினால் அது நம்மிடம் ஏதோ சொல்கிறது என்பது மட்டும் நிச்சயம்; என்ன சொல்கிறது என்று புரிவதற்குள் நம் கால் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதுதான் நம்மைப் போன்றவர்களின் உத்தியோகம்.