நூல் பிடித்து வெட்டிய நாணல்

ஜூன் ஏழாம் தேதி, சனிக்கிழமை. விடியற்காலைத் தூறல் நின்று, வெயில் இளசாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்ற தையற்காரருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதகர் அம்மையார் அன்று வருகிறார். அவர் சரி என்றால்தான் மைத்துனனின் மிதிபடகுகள் ஏரியில் இறங்கும். இல்லையென்றால் இந்தப் பருவம் முழுவதும் கரையில் கவிழ்ந்தே கிடக்கும்.

தையற்காரரை எல்லாரும் 'நூல்பிடி மாஸ்டர்' என்பார்கள். அவர் மடித்துத் தைத்த விளிம்பின்மேல் எறும்புகூட வளையாமல் நடக்கும் என்பது வாடிக்கையாளர்களின் கணிப்பு. கடையில் கத்தரிக்கோல் ஒரே ஆணியில்தான் தொங்கும். நூற்கண்டுகள் நிறவாரியாக நிற்கும். இஸ்திரிப்பெட்டியின் மூக்கு எப்போதும் சன்னலைப் பார்த்தே இருக்கும். வீட்டுவாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ஒழுங்கைக் கண்டுதான் போன வருடம் ஏரிப் பாதுகாப்புக் குழுவினர் துப்புரவுப் பொறுப்பை அவர் தலையில் கட்டினர். ஒரு கோடைக்குள் குப்பையெல்லாம் கரையேறிவிட்டது. கை சும்மா இருக்குமா? மழைநீர்க் கால்வாய் ஏரியில் வந்து விழும் இடத்தில் தலைவிரிகோலமாக நின்ற நாணற்புதர் அவர் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

"மாமா, அது மட்டும் போச்சுன்னா என் படகு ஜம்முனு திரும்பும்" என்று மைத்துனன் வேறு தூபம் போட்டான்.

அவ்வளவுதான். கயிறு கட்டி, சுண்ணாம்புத்தூளால் கோடு கிழித்து, துணி வெட்டுவதைப் போலவே வெட்டி, வேரையும் பிடுங்கியெறிந்தார் மாஸ்டர். கரை பளபளத்தது. குழு கைதட்டியது.

முதல் பெருமழையில் சாயம் வெளுத்தது. தெருச்சேறும் சாக்கடைக் கசடும் தடையின்றி உள்ளே பாய்ந்தன. ஏரி பச்சைக் குழம்பாயிற்று. நாற்றம் மூக்கைத் துளைத்தது. பரிசோதகர் வந்து, கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய வட்டத்தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கினார். ஒரு முழம் இறங்குமுன் அது கண்ணுக்கு மறைந்தது.

"இங்க இருந்த நாணல் எங்கே? அதுதானே அழுக்கைப் பிடிச்சு நிறுத்தும்! யாரு வெட்டினது?"

"குழு வெட்டிச்சுங்க" என்றார் மாஸ்டர், கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைப் பார்த்தபடி. குழுவினர் அவரைப் பார்த்தனர். ஆனால், பெருந்தன்மையாக வாய் திறக்கவில்லை.

தண்ணீர் தெளியும்வரை படகுகளுக்குத் தடை விழுந்தது. பிழைப்பிழந்த மைத்துனன் கடைக்கு வந்து பொத்தான் தைக்க உட்கார்ந்தான். அவன் கைபட்ட சட்டையைப் போட்டவர்கள் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டே நடந்தார்கள்.

"குழுவாம், குழு!" என்று பிடித்துக்கொண்டாள் மாஸ்டரின் மனைவி. "ஒண்ணு ஏரியைச் சரிபண்ணுங்க, இல்ல என் தம்பியைக் கடையை விட்டு அனுப்புங்க. ரெண்டும் இப்படியே கிடந்தா நம்ம மானம் கப்பலேறிடும்."

"மானமாவது கப்பலேறுதே அக்கா! எனக்குப் படகே ஏற வழியில்ல" என்றான் தம்பி.

மாஸ்டர் நாணல் நாற்றுகளோடு கால்வாய் வாயில் இறங்கினார். நீர் வளைந்து வளைந்து மெல்லப் போகும்படி முன்னும் பின்னுமாக நட வேண்டும் என்பது பரிசோதகர் சொல்லியனுப்பியிருந்த முறை. அப்படித்தான் நட்டதாக மாஸ்டர் நினைத்தார். கரையேறிப் பார்த்தால், அத்தனையும் அணிவகுத்து நின்றன! வரிசைகளுக்கு நடுவே சாக்கடைநீர் ராஜநடை போட்டது. பிடுங்கினார், கண்ணை மூடிக்கொண்டு நட்டார். மறுபடியும் நேர்வரிசை.

"நீங்க யோசிச்சாலே கோடு விழுந்துடுது" என்று மனைவி மடிநிறையக் கூழாங்கல்லோடு கரையில் வந்து நின்றாள். "நான் கல்லை வீசறேன். விழுற இடத்துல நடுங்க."

"ஒரு கணக்குவழக்கு இல்லாம எப்படிடீ?"

"நடுங்கன்னா நடுங்க!"

கசப்பு மருந்தை விழுங்கியவர் முகத்தோடு, கல் விழுந்த இடத்திலெல்லாம் நட்டுக்கொண்டே போனார் மாஸ்டர். ஒரு கல் குறிதவறி மைத்துனன் முதுகில் விழுந்தது.

"அக்கா, அது நான்!"

"தள்ளிப் போடா. நின்னா மாமா உன்மேலயும் நட்டுடுவாரு."

நட்டவை வேர்பிடித்துக் கிளைத்துப் புதராகி மண்டின. பாசி மெல்ல மெல்லப் பின்வாங்கியது. எனினும், தட்டு என்ன சொல்லும் என்பது யாருக்குத் தெரியும்? அதனால்தான் இன்றைய வியர்வை.

பரிசோதகர் வந்ததும் தட்டை நீருக்குள் விட்டார். இறங்கியது, இன்னும் இறங்கியது, பாதிக் கயிறு நனைந்த பின்னரும் வெள்ளைப் பாதி பளிச்சென்று தெரிந்தது. அவர் தலையசைத்து முடிப்பதற்குள் மைத்துனன் படகுகளை நிமிர்த்த ஓடிவிட்டான்.

பரிசோதகரின் பார்வை நாணற்புதரின்மேல் போயிற்று.

"அடடா, நான் சொன்னதைவிடக் கோணல்மாணலா, அருமையா இருக்கே! யாருங்க நட்டது?"

குழுவினர் மாஸ்டரைப் பார்த்தனர். இந்த முறை அவர் அளவுநாடாவைப் பார்க்கவில்லை.

"நான்தாங்க நட்டேன். முன்னாடி வெட்டினதும் நான்தான்."