பத்திரத்தில் எழுதாத வண்டிப்பாதை

அப்பா இறந்தபின் நானும் தம்பியும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டோம். ரோட்டோரம் அவனுக்கு, உள்பக்கம் எனக்கு.

"உள்பக்கத்துக்குப் போற வழிய எழுதட்டுங்களா?" என்று பத்திரம் எழுதுபவர் கேட்டார்.

தம்பி முந்திக்கொண்டு, "எங்களுக்குள்ள இன்னாங்க வழி? அண்ணன் எப்பவும் போல போவட்டும்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுத வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

அடுத்த கரும்பை வெட்டச் சொல்லி ஆலையில் கட்டிங் ஆர்டர் கிடைத்து டிராக்டர் வந்தபோது, தம்பி வண்டிப்பாதையில் கல் ஊன்றிக் கம்பிவேலி கட்டியிருந்தான்.

"பத்திரத்துல வழி இருந்தா காட்டுண்ணா. இல்லன்னா நெலத்த எனக்கே குடுத்துடு" என்றான், கூச்சமே இல்லாமல்.

வக்கீலிடம் ஓடினேன். "கேஸ் போட்டா வழி கெடைக்குங்க. அதுவரைக்கும் கரும்பு காயாம நிக்குமா?" என்றார்.

கேஸைப் போட்டுவிட்டு, வெட்டிய கரும்பை ஏரிக்கரை சுற்றித் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தம்பி, என் சுமையிலிருந்தே ஒரு கரும்பை உருவிக் கடித்தான். சக்கையை என் காலருகே துப்பினான். சீ!

கேஸ் இன்னும் நடக்கிறது. சமீபத்தில் என் நிலத்தை மகன்கள் இருவருக்கும் பிரித்து எழுதினேன். யாருக்கு எந்த வழி, எத்தனை அடி அகலம், கிணற்றில் யாருக்கு எப்போது முறை, எல்லாவற்றையும் பத்திரத்தில் ஏற்றினேன்.

"எங்க மேல நம்பிக்க இல்லியாப்பா?" என்று சின்னவன் முறைத்தான்.

"உன் சித்தப்பன் மேல நெறையவே இருந்துச்சிடா" என்றேன்.