ஆறு முழுக்கக் கேட்கும்

"மெசியாஸ், உன் மூலத்துக்கு மருந்து நாளைப் படகுல வருது. காரம் திங்காதே. உன் பொண்டாட்டி சொல்லச் சொன்னா."

சொல்லிவிட்டு ஹெர்லிந்தா ஒரு மிடறு வாழைப்பழக் கஞ்சி குடித்தாள். குடித்த சத்தமும் வானொலியில் போனது.

மழைக்காட்டில் ஓடும் உக்காயாலி ஆற்றின் வளைவுகளில் தொலைபேசி எட்டாத வீடுகளுக்கு அவள் குரல்தான் தபால். விடிகாலைப் பனியில் படகுகள் தெரியாது. அந்தக் குரல் மட்டும் நீர்மேல் மிதந்து போகும். தூண்டில் போட்டவன் மாமியாரின் கோபத்தையும், துணி அலசுபவள் அண்ணன் குடியை விட்டதையும் அப்படித்தான் அறிவார்கள். கூடவே ஊரும் அறியும். யாராவது கூசினால், "மூடி வச்சா புழுங்கும்டி, காத்துல விடு" என்பாள்.

அவள் கணவன் அபெலார்தோ இன்னொருத்தியோடு படகேறிப் போனது எல்லோருக்கும் தெரியும். கேட்டால், "மரம் வெட்டப் போயிருக்காரு" என்பாள். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஒருநாள், பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், சந்தையில் மீன் விற்கும் நெய்தா வானொலி நிலையத்துக்கு வந்தாள்.

"அக்கா, மேலாத்துல இருக்கற தெல்மிரோவுக்கு ஒரு சேதி. நான் முழுகாம இருக்கேன். ஆனா அவருக்கு மட்டும்தான் தெரியணும்."

"அவனுக்கு மட்டும் எப்படிடி சொல்றது? எல்லாரும் கேக்கட்டும். அப்பத்தான் தட்டிக் கழிக்க மாட்டான்."

"ஊருக்குப் பயந்து வர்றவரு எனக்கு வேண்டாம்." நெய்தா கொஞ்சம் தயங்கினாள். "நீங்க மாமாவை ஒருநாளும் ரேடியோவுல கூப்பிடலையே அக்கா?"

பாட்டு முடிந்தது. ஹெர்லிந்தா மைக்கைத் திறந்தாள். ஓலைக் கூரையில் பெய்த மழைதான் சற்று நேரம் ஆறு முழுக்கக் கேட்டது.

"மேலாத்துத் தெல்மிரோவுக்கு," என்றாள் கடைசியில். "நெய்தா கூப்பிடறா. வரணும்னு தோணினா வா."

அவ்வளவுதான். என்ன சேதி என்று கரையெல்லாம் மென்றது. பாம்பு கடித்துவிட்டது என்றார்கள் சிலர். வேறு மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றார்கள் சிலர். சந்தையில் வழிமறித்துக் கேட்டவர்களிடம் ஹெர்லிந்தா, "மழை விடுமா, பாரு" என்று வானத்தைக் காட்டினாள்.

நெய்தா தினமும் காலையில் வந்து நிலையத்து மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஹெர்லிந்தா அவளுக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள். இருவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மழை வெறித்த ஒரு காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு தெல்மிரோ வந்து நின்றான். முழங்கால்வரை சேறு. ஹெர்லிந்தா யாருக்கோ கல்யாணச் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உடம்புக்கு என்ன?" என்றான் நெய்தாவிடம்.

நெய்தா அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அவன் வாய் திறந்தது.

ஹெர்லிந்தா பாதிச் சொல்லில் நிறுத்தி, மைக்கை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.