துரை தண்ணீர் குடித்த நேரம்

வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக நடந்து முடியக்கூடிய காரியத்தை எழுந்து நின்று பேசிக் கெடுப்பதில் எனக்கு இயற்கையாகவே ஒரு திறமை உண்டு. இந்தத் திறமையால் ஒரு கல்யாணப் பேச்சு குழம்பியிருக்கிறது. ஒரு வாசிகசாலைச் சங்கம் இரண்டாக உடைந்திருக்கிறது. பொது இடங்களில் என் சட்டை நுனியைப் பிடித்தபடியே உட்காரும் பழக்கம் என் மனைவிக்கு வந்திருக்கிறது. அந்தத் திறமை முதன்முதலாக அரங்கேறியபோது எனக்குப் பதின்மூன்று வயது. அன்று நான் கெடுத்தது ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்குமான விடுமுறையை.

எங்கள் பள்ளிக்கூடம் வெள்ளவத்தைக்குச் சற்று முன்னால், காலி நகருக்குப் போகும் வீதியோரமாக இருந்தது. மிஷன் பள்ளிக்கூடம். அதிபர் வெள்ளைக்காரப் பாதிரியார். எந்த வெயிலிலும் அங்கியின் கழுத்துப் பொத்தானைக் கழற்றாதவர். கிறிஸ்மஸுக்கு விடுமுறை உண்டு, ராஜாவின் பிறந்தநாளுக்கு உண்டு, ஆடிவேல் திருவிழாவுக்குக் கிடையாது. முருகனுக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினோம் என்று சீமையில் உள்ள மேலிடத்துக்கு எழுத முடியுமா?

ஆனாலும் ஆடிவேலன்று நாங்கள் ஒரு வருஷமாவது பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தக் காலத்தில் பரிசளிப்பு விழாவுக்கு வருகிற பெரிய மனிதர், பேச்சின் முடிவில் அதிபர் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்கு ஒருநாள் விடுமுறை தரவேண்டும் என்று கேட்பது வழக்கம். அதிபர் கூரையை அண்ணாந்து பார்த்துச் சற்று யோசித்துவிட்டு ஒரு நாளைச் சொல்வார். அந்த நாள் ஆடிவேலாக இருக்கும். நாங்கள் மேசையில் தட்டுவோம். வந்தவரின் தாராள மனசையும் எங்கள் அதிர்ஷ்டத்தையும் வீடுவரை மெச்சிக்கொண்டு போவோம்.

அந்த வருஷம் வேல் திங்கட்கிழமை; பரிசளிப்பு விழா அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. எனக்கு அது சாதாரண வேல் அல்ல. கோட்டையில் கிளாக்கராக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, வருஷந்தோறும் செட்டியார் தெருவிலிருந்து வெள்ளவத்தைக் கோயில்வரை வெள்ளித் தேரோடு வெறுங்காலில் நடந்து வருவார். சிறுவர்களான நாங்கள் அந்தியில் கோயிலடியில் நின்று, தேர் வந்து சேர்வதை மட்டும் பார்ப்போம். முடிவை மட்டும் பார்த்தவனை மாமா மனிதனாகவே மதிப்பதில்லை. "இந்த முறை நீயும் நடக்கிறாய்" என்று அவர் சொன்னபோது என் மார்பு ஒரு அங்குலம் அகன்றது. அடுத்த மாதம் அவருக்குத் திருகோணமலைக்கு மாற்றம். ஆகவே நடந்தால் இந்த வருஷம், இல்லாவிட்டால் இல்லை. நான் கடற்கரை ரயில் பாதையின் சல்லிக்கல்லில் வெறுங்காலால் நடந்து பயிற்சி எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ரஸாக் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். அவனுடைய வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் வளையல் கடை. வேல் நாட்களில் வெள்ளவத்தையிலும் ஒரு கொட்டில் போடுவார். கொட்டிலில் உட்கார்ந்து வளையல் வாங்க வருகிறவர்களை வேடிக்கை பார்க்கும் உரிமை ரஸாக்குக்கு உண்டு. ஆகவே விடுமுறை அவனுக்கும் உயிர்ப் பிரச்சினை.

"இந்த முறை வாறது நீர்ப்பாசனப் பகுதிப் பெரிய துரையாம் மச்சான்" என்றான். "ஞாயித்துக்கிழமையும் கந்தோருக்குப் போற ஆளாம். லீவெண்டா அவருக்கு ஆகவே ஆகாதாம்."

"அப்ப கேக்கமாட்டாரோ?"

"எப்பிடிடா கேப்பார்? தனக்கே லீவு எடுக்காதவர் உனக்கு வாங்கித் தருவாரா?"

வகுப்பு முழுவதும் கிலி பரவியது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாரையும் பேசவிட்டுப் பிறகு நான் சொன்னேன்: "அவர் கேக்காட்டி நான் எழும்பிக் கேக்கிறன்."

"நீயா? சும்மா இரிடா" என்றான் ரஸாக்.

அந்தச் சொல்லை நான் பொன்னெழுத்தில் பொறித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த வருஷம் ஆங்கிலச் செய்யுள் ஒப்புவித்தலில் மூன்றாம் பரிசு. போட்டியிட்டவர்களே நாலு பேர்தான் என்பதைக் கவனிக்கும் மனநிலையில் நான் இல்லை. பரிசு பெறுகிறவன் முதல் வரிசையில் இருப்பான், துரையின் கண்ணுக்கு நேரே இருப்பான், இங்கிலீசும் பேசுவான். வேறு யாருக்கு இந்தத் தகுதி உண்டு? வெள்ளிக்கிழமை கிடைக்கப்போகும் புகழை வியாழக்கிழமையே அனுபவிக்கத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. துரை சிவந்த முகமும் வெள்ளை மீசையுமாக மேடையில் எழுந்து மதகுகளைப் பற்றிப் பேசினார். குளத்துக்கு மதகு எப்படியோ மனிதனுக்குக் கட்டுப்பாடு அப்படி என்றார். தண்ணீர் எவ்வளவு மெதுவாகப் பாயவேண்டுமோ அவ்வளவு மெதுவாகவே பேசினார். நான் மூன்றாம் பரிசுப் புத்தகத்தின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தேன்.

"கடைசியாக..." என்றார் துரை. நிறுத்தினார். மேசையிலிருந்த கிளாசை எடுத்துத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்.

முடிந்துவிட்டது, கேட்கவில்லை, இனி உட்கார்ந்துவிடுவார் என்று என் தலைக்குள் பறை அடித்தது. எனக்கு அடுத்த பின்வரிசையிலிருந்து ரஸாக் நான் உட்கார்ந்திருந்த கதிரையின் காலை உதைத்தான். "எழும்படா, எழும்பு."

எழுந்தேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. நான் பேசியது இங்கிலீசில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஐயா, மாணவர் அனைவரின் சார்பிலும், திங்கட்கிழமையை எங்களுக்கு விடுமுறையாகப் பெற்றுத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்."

துரை கிளாசைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை, என்னை ஆவலோடு பார்த்தார்.

"திங்கட்கிழமை எதற்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவேயில்லை. உண்மையான விடை நுனிநாக்கில் இருந்தது. ஆனால் துரைக்குப் பக்கத்தில் அதிபர், அதிபருக்குப் பின்னால் சுவரில் சிலுவை. இந்த இரண்டுக்கும் எதிரே முருகனின் பேரை எப்படி எடுப்பது?

"படிப்பதற்கு, ஐயா" என்றேன்.

துரையின் கண் கலங்கியது. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இப்படிச் சொன்ன ஒரு பையனை இன்றுதான் காண்கிறேன் என்றார். வீடுகளில் படிக்க ஏது வசதி, இப்படிப்பட்ட ஆர்வத்தை விடுமுறையில் வீணாக்கக் கூடாது என்றார். பிறகு அதிபரின் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை பின்னேரம் தாமே திரையில் காட்டும் மாயவிளக்குப் படங்களோடு வந்து, மதகுகளைப் பற்றி விரிவாக ஒரு பாடம் நடத்த அனுமதி கேட்டார். அதிபர் கூரையைப் பார்த்தார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார். பிறகு நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை விடிய முன்பே மாமா தோய்ந்து குளித்து, வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். என்னைப் பார்த்து, "நல்லாப் படி" என்றார்.

பின்னேரம் மண்டபத்து யன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மதகுகள் வந்தன. ஒரு மதகுக்கும் மற்ற மதகுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. யார் யாரோ என் முதுகில் விரலால் குத்தினார்கள். இருட்டு அவர்களுக்கு வாய்ப்பாக இருந்தது. "படிடா படி, எல்லார் சார்பிலும் படி" என்று ரஸாக் காதுக்குள் சொன்னான். கதிரையை உதைத்தவன் அவன்தான் என்பது அதற்குள் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அப்போது தூரத்தில் மேளம் கேட்டது. பிறகு நாதஸ்வரம். வரவரக் கிட்டியது. தேர் இழுக்கும் மாடுகளின் சலங்கை, தேங்காய் உடைகிற சத்தம், அரோகரா என்ற முழக்கம். இருட்டுக்குள் எங்கள் கால்களெல்லாம் தாமாகவே தாளம் போட்டன. அந்த முழக்கத்தில் மாமாவின் கட்டைக் குரல் தனியாகக் கேட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

துரை பாடத்தை நிறுத்தினார். "என்ன சத்தம் அது?" அதிபர் ஏதோ சொன்னார். துரையின் முகம் மலர்ந்தது. "அசையாமல் இருங்கள்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அதிபரையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் திரையில் அசையாமல் நின்ற ஒரு மதகைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தோம். மேளம் வாசலில் நின்றது, முழங்கியது, நகர்ந்தது, தேய்ந்தது.

துரை திரும்பி வந்தார். கழுத்தில் மல்லிகை மாலை, கையில் வாழைப்பழச் சீப்பு. "அருமையான காட்சி. நீங்களும் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

அன்று அந்தியில் வெள்ளவத்தையில் கரும்புக் கட்டுகளுக்கிடையில் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தபோது தமிழ் வாத்தியாரிடம் அகப்பட்டேன். மேடையில் துரைக்குப் பின்கதிரையில் இருந்தவர் அவர். கரும்பைக் கடித்தபடியே சொன்னார்: "அதிபர் துரைக்கு முதலே சொல்லி வைச்சவரடா, முடிவில லீவு கேளுங்கோ எண்டு. ஒவ்வொரு வருஷமும் சொல்லுறவர். துரையும் அதுக்குத்தான் 'கடைசியாக' எண்டு தொடங்கினவர்."

பரிசளிப்பு விழா ஏன் தவறாமல் வேலுக்குச் சில நாள் முன்னதாகவே வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. கழுத்துப் பொத்தானைக் கழற்றாத அந்த மனிதர் ஒவ்வொரு வருஷமும் கூரையைப் பார்த்தது எதற்கு என்பது அன்றும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. விளங்கிய காலத்தில் நன்றி சொல்ல அவர் இங்கே இல்லை. அன்று எனக்குத் துரையின் மேல்தான் கோபம்.

"அப்ப ஏன் சேர் அவர் நடுவில நிப்பாட்டினவர்?" என்றேன்.

வாத்தியார் சக்கையைத் துப்பினார்.

"தாகமடா. மனுசன் ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சு முடிக்கிறமட்டும் உன்னால இருக்க ஏலாமல் போச்சு."