பனிக்கடலில் ஒரு மிளகுத் தோட்டம்

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் நான் நடத்திய வரைபட வகுப்புக்கு வந்தவர்களில் அந்த மிளகு விவசாயி மட்டும் கடைசிவரை என்னை நம்பவில்லை. ஒல்லியான மனிதர், ஆளை எடைபோடும் பார்வை. தோளில் கிடக்கும் துண்டை லேப்டாப் கேமராவின் மேல் போட்டு மூடிவிட்டுத்தான் உட்காருவார்.

"ஏனுங்க, இந்த சாப்ட்வேரச் சும்மாவா குடுக்கறாங்க?"

"ஆமாங்க. பல ஊர்க்காரங்க சேர்ந்து செஞ்சது. காசே வேண்டாம்."

"சும்மா குடுக்கறவன் பதிலுக்கு எதையாச்சும் எடுத்துக்காமப் போவானுங்களா?"

"நீங்க போடறது இந்த லேப்டாப்ப விட்டு வெளிய போகாதுங்க."

"லேப்டாப்பே உங்களுதுதானுங்களே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

தோட்டத்தில் நின்று போனில் பார்த்துக் குறித்து வந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போட்டால், வரைபடத்தில் தோட்டம் ஒரு புள்ளியாகத் தெரியும். அதுதான் அன்றைய பாடம். எல்லாருடைய புள்ளியும் கொல்லிமலையில் விழுந்தது. அவருடையது வடதுருவத்துக்குப் பக்கத்தில், பனிக்கடலில் போய் விழுந்தது. இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்கிற தப்புதான்.

திருத்தப் போன என் கையைத் தடுத்தார்.

"அங்கயே கெடக்கட்டும்ங்க. ரிசார்ட் கட்டறேன்னு அங்க ஒருத்தனும் வரமாட்டான்."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மாலை பஸ் மலையடிவாரத்துக் காரவள்ளியை நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த எண்ணை முதலில் போட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்குக் காலையில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.