வீதிக்குத் தெரியப் பூட்டிய சோலார்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் கல்முனையில் சொந்த அரிசி ஆலை வைத்தவன் நான். எதிர்வீட்டு மச்சான், எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய சோலார் இன்வெர்ட்டர் பூட்டியதும் என் தூக்கம் போனது. அதைவிடப் பெரியதை வாங்கினேன்.

“ஹாஜியார், முன்கூரையில தென்னை நிழல் விழுது. சோலார் பெனல பின்கூரையில பூட்டுவம்,” என்றார் பூட்ட வந்தவர்.

“பின்னுக்குப் பூட்டினா ஆருக்குத் தெரியும்?”

முன்கூரையிலேயே பூட்டவைத்து, அதைக் காட்டவே சொந்தக்காரரை நோன்பு திறக்க அழைத்தேன். கரண்ட் போனது, உள்ளுக்குள் மகிழ்ந்தேன். ஆனால் தென்னை நிழலில் பெட்டரி நிறையாததால் என் வீடும் இருண்டது.

“மச்சான், கஞ்சிய எடுத்துட்டு எல்லாரும் இஞ்ச வாங்க!” என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

போனோம். அவர் வெளிச்சத்தில் கஞ்சியைக் குடித்துவிட்டு, மறுநாளே பூட்டியவரைத் திரும்ப அழைத்தேன்.

இப்போது பெனல்கள் பின்கூரையில்தான், வெளிச்சத்துக்குக் குறையில்லை. ஆனாலும் கரண்ட் போனால் என் கண் முதலில் மச்சான் வீட்டைத்தான் பார்க்கிறது.